மாற்றுச் சிறுநீரகம், உடலின் சகிப்பு, மாத்திரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களியக்காவிளை, மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பரிசோதனைக்குப் போய்வரும் மாற்றுச் சிறுநீரகக்காரர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன. எங்கே சுற்றினாலும் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கும்: மாத்திரையை எப்போது விடலாம்? அதற்கு ஒற்றை வரியில் பதில் வேண்டுமென்றால், நீங்களாக ஒருபோதும் விடக்கூடாது. ஏன் என்பதுதான் கீழே இருப்பது.

"உடம்பு கிட்னிய ஏத்துக்கிட்டு"ன்னு நாம சொல்லுறதும் டாக்டர் சொல்லுற "டாலரன்ஸ்"சும் ஒண்ணுதானா?

இல்லை. நாம் "ஏற்றுக்கொண்டது" என்று சொல்லும்போது, மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்வரை சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறது என்றுதான் பொருள். டாலரன்ஸ், அதாவது சகிப்பு, வேறு. எதிர்ப்பை அடக்கும் மருந்து ஒன்றுகூட இல்லாமல், உடல் அந்தச் சிறுநீரகத்தை மட்டும் தாக்காமல் விட்டுவைக்க வேண்டும். சளி, காய்ச்சல், புண் எல்லாவற்றோடும் வழக்கம்போல் சண்டை போடவும் வேண்டும். மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல், மருந்தே இல்லாமல் குறைந்தது ஓராண்டு சிறுநீரகம் நிலையாக வேலை செய்வது.

இது வெறும் கற்பனை இல்லை. 1945இல் அமெரிக்காவில் ரே ஓவன் என்பவர், தாய் வயிற்றிலேயே இரத்தக்குழாய் கலந்து வளர்ந்த இரட்டைக் கன்றுகளின் உடலில் இரண்டு பேருடைய இரத்த அணுக்களும் சண்டையில்லாமல் காலமெல்லாம் இருப்பதைக் கண்டார். 1953இல் பீட்டர் மெடவாரின் குழு, பிறக்காத எலிக்குஞ்சுக்கு வேறு இன எலியின் அணுக்களைச் செலுத்தியது. வளர்ந்தபின் அந்த இனத்தின் தோலை ஒட்டினால் உடல் தள்ளவில்லை. மூன்றாவது இனத்தின் தோலைத் தள்ளியது. 1960 நோபல் பரிசு இதற்காகக் கிடைத்தது. குறிப்பிட்ட ஒருவருக்கு மட்டும் கதவைத் திறந்துவைப்பதுதான் சகிப்பு. நாம் சாப்பிடும் மருந்தோ காவல்காரனையே தூங்கவைக்கிறது.

எனக்க மாமாவுக்கு 12 வருசமா கிரியாட்டினின் 1.1 தான். அப்போ உடம்பு பழகிட்டுல்லா? இனி மருந்து எதுக்கு?

கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் இரத்தக் கழிவு, வடிகட்டுவது குறைந்தால் எண் ஏறும். அந்த 1.1 மருந்து வாங்கிய மதிப்பெண். அவர் உடல் வாங்கியதாக எடுத்துக்கொள்ள முடியாது. 12 ஆண்டு அணைக்குப் பின்னால் நின்ற தண்ணீரைப் பார்த்து, தண்ணீருக்கு நிற்கப் பழகிவிட்டது, அணையை இடிக்கலாம் என்று சொல்வதுபோல் இது.

கிரியாட்டினின் கொஞ்சம் தாமதமாகவே உண்மை பேசும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சிறுநீரகத்தின் ஒரு பகுதி கெட்டாலும் மீதி இழுத்துக்கொண்டு ஓடும். எண் 1.1இலிருந்து 1.8க்கு ஏறும்போது, திசுவில் ஏற்கனவே வடு விழுந்திருக்கலாம். பெரும்பாலும் அப்போது வலி இருக்காது, சிறுநீரும் குறையாது. மருந்தை நிறுத்தி இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லையே என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

எனக்கு சொந்த அண்ணனுக்க கிட்னி. ஒரே ரத்தம். அதுக்குமா மருந்து?

ஆமாம். இரத்த வகை ஒன்றாக இருப்பது முதல் படி மட்டும். உடல் அடையாளம் பார்ப்பது எச்.எல்.ஏ. என்ற புரதங்களை வைத்து. அதற்கான மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் ஒரு கட்டாக இருக்கின்றன. அப்பாவிடமிருந்து ஒரு கட்டு, அம்மாவிடமிருந்து ஒரு கட்டு. அதனால் உடன்பிறந்த இருவருக்கு முழுப் பொருத்தம் வர நாலில் ஒரு பங்கு, பாதிப் பொருத்தம் வர நாலில் இரண்டு பங்கு, ஒன்றுமே பொருந்தாமல் போகவும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. முழுப் பொருத்தம் வந்தாலும் சிறு சிறு வேறுபாடுகள் மிச்சம் இருக்கும். மருந்தின் அளவு குறையலாம். மருந்து இல்லாமல் போகாது.

விதிவிலக்கு, ஒரே கருவில் பிரிந்த இரட்டையர். 1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் மரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அப்படிப்பட்ட சகோதரர்களுக்கிடையில்தான் நடந்தது. அங்கே சகிக்க வேண்டிய அன்னியமே இல்லை. ஆனால் முதல் சிறுநீரகத்தைக் கெடுத்த அழற்சி நோய் இரட்டையரிடமும் புதுச் சிறுநீரகத்தில் திரும்ப வருவதுண்டு. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அப்படியே. உடல் தள்ளாமல் இருப்பதனால் மட்டும் சிறுநீரகம் பிழைத்துவிடாது.

மூணு மாத்திரை தாறாங்க. எது என்ன செய்யுது? வருசம் போகப் போக டோஸ் ஏன் குறையுது?

டாக்ரோலிமஸ், தாக்கப் புறப்படும் டி அணுக்களுக்கு உள்ளே போகும் கட்டளையைத் தடுக்கிறது. மைக்கோஃபெனோலேட், கட்டளை கிடைத்த அணுக்கள் பல்கிப் பெருகாமல் பார்க்கிறது. பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு அழற்சியைப் பொதுவாகத் தணிக்கிறது. மூன்றும் மூன்று கதவு. ஒன்றை விட்டால் மற்ற இரண்டும் போதும் என்று யாரும் சொல்ல முடியாது. 1971இல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தபோது டாக்ரோலிமஸும் கிடையாது, சைக்ளோஸ்போரினும் கிடையாது. அசதியோபிரின் என்ற பழைய அடக்கு மருந்தும் ஸ்டீராய்டும் வைத்துத்தான் சமாளித்தார்கள்.

முதல் சில மாதம்தான் ஆபத்து உச்சம். அறுவையின் அழற்சி இருக்கும். சிறுநீரகத்தோடு சேர்ந்து வந்த கொடையாளியின் காவல் அணுக்கள் நம் நிணநீர்க் கணுக்களுக்குப் போய் "அன்னியன் வந்திருக்கிறான்" என்று காட்டிக்கொடுக்கும். நாளாக ஆக அவை மறையும், தாக்கும் அணுக்களில் சிலவும் களைத்துப்போகும். அதனால் பல மையங்கள் டாக்ரோலிமஸ் அளவை முதல் மாதங்களில் மில்லிலிட்டருக்கு 8 முதல் 10 நானோகிராம் வரையும், ஓராண்டுக்குப் பிறகு 5 முதல் 8 வரையும் வைக்கின்றன. "உடம்பு பழகும்" என்ற பேச்சில் இருக்கும் உண்மை இவ்வளவுதான். குறைந்த மருந்து போதும் என்பதிலிருந்து மருந்தே வேண்டாம் என்பதற்கு வெகுதூரம் இருக்கிறது. உங்களுக்கான எண்ணை உங்கள் மருத்துவர்தான் சொல்லவேண்டும்.

எங்க ஊர்ல ஒருத்தர் மாத்திரைய விட்டு ரெண்டு வருசம் ஆச்சு, நல்லா நடக்காரு. அது உள்ளதா, பொய்யா?

உண்மையாக இருக்கலாம். மருந்தை விட்டபிறகும் சிறுநீரகம் தாக்குப்பிடித்தவர்கள் உலக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். ஆனால் மிகச் சொற்பம். அப்படிப் பதிவானவர்களிலும் சிலருக்குப் பல ஆண்டு கழித்துச் சிறுநீரகம் போயிருக்கிறது.

மருந்தை விட்டு நன்றாக இருப்பவர் டீக்கடையில் கண்ணில் படுவார். மருந்தை விட்டு இழந்தவர் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் படுக்கையில் இருப்பார். டீக்கடையில் அவரைப் பார்க்க முடியாது. கணக்கு தப்பாவது இதனால்தான்.

டாலரன்ஸ் வந்திருக்கான்னு பாக்க ரத்தப் பரிசோதனை இல்லியா?

நம்பி மருந்தை நிறுத்தும் அளவுக்கு ஒன்றும் இல்லை. 2010இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள், மருந்தில்லாமல் இருக்கும் அபூர்வ நோயாளிகளின் இரத்தத்தில், எதிர்ப்புப் புரதம் செய்யும் பி அணுக்கள் சார்ந்த மரபணுக்கள் கூடுதலாக இயங்குவதைக் கண்டன. பெரிய நம்பிக்கை பிறந்தது. பிறகு பார்த்தால், ஸ்டீராய்டும் அசதியோபிரினும் அதே பி அணுக்களைக் குறைக்கின்றன. அப்படியானால் கண்ட அடையாளம் சகிப்பினுடையதா, மருந்து சாப்பிடாததனுடையதா? அந்தச் சிக்கல் முழுதாக அவிழவில்லை. ஆக இன்றைக்கு ஒரே பரிசோதனை, மருந்தை நிறுத்திப் பார்ப்பது. அதில் தோற்றால் கொடுக்கும் விலை சிறுநீரகம்.

லிவர் மாத்தினவங்களுக்கு மருந்த நிப்பாட்டுறாங்களாம். நமக்கு மட்டும் ஏன் கூடாது?

கல்லீரல் தனிப்பிறவி. குடலிலிருந்து ஓயாமல் அன்னியப் பொருள் வந்து விழும் இடம் அது. தொட்டதற்கெல்லாம் சண்டை போடாமல் இருக்கப் பழகிய உறுப்பு, காயம்பட்டால் வளரவும் செய்யும். கவனமாகத் தேர்ந்தெடுத்த சில கல்லீரல் நோயாளிகளுக்குக் கண்காணிப்போடு மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த முடிந்திருக்கிறது. நடுவில் தாக்குதல் வந்தாலும் மருந்தைத் திரும்பத் தொடங்கிப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். சிறுநீரகத்தில் ஒருமுறை வடு விழுந்த வடிகட்டி திரும்பாது.

கிட்னி தந்தவருக்க எலும்பு மஜ்ஜையையும் சேர்த்து ஏத்துனா மருந்தே வேண்டாமாம். உள்ளதா?

சகிப்பை வேண்டுமென்றே உண்டாக்கும் முயற்சிகளில் அதிகம் முன்னேறியது இதுதான். ஓவனின் கன்றுகள் தற்செயலாகப் பெற்றதை மருத்துவர்கள் திட்டமிட்டு உண்டாக்கப் பார்க்கிறார்கள். கொடையாளியின் மஜ்ஜை அணுக்கள் கொஞ்சம் நம் மஜ்ஜையில் குடியேறினால், புதிதாகப் பிறக்கும் டி அணுக்கள் அவரையும் சொந்தக்காரராகவே பார்த்து வளரும். இரண்டு பேருடைய அணுக்களும் கலந்திருக்கும் இந்த நிலைக்குக் கைமரிசம் என்று பெயர்.

பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக் குழு 2008இல் வெளியிட்ட அறிக்கையில், பாதிப் பொருத்தம் மட்டுமே உள்ள ஐந்து பேருக்கு மஜ்ஜையும் சிறுநீரகமும் சேர்த்துக் கொடுத்தார்கள். நால்வரால் மருந்தை நிறுத்த முடிந்தது, ஒருவர் சிறுநீரகத்தை இழந்தார். விந்தை என்னவென்றால், கொடையாளியின் அணுக்கள் சில வாரத்திலேயே மறைந்தன, சகிப்பு மட்டும் நின்றது. பின்னாளில் அந்த முறையில் மருந்தை விட்டவர்களில் சிலர் திரும்ப மருந்துக்கு வர நேர்ந்தது. ஸ்டான்ஃபோர்டு குழு வேறு வழியில், நிணநீர்ப் பகுதிகளுக்குக் கதிர்வீச்சைப் பகுதி பகுதியாகக் கொடுத்தது. முழுப் பொருத்தமுள்ள உடன்பிறந்தோரிடம் நல்ல பலன் கண்டது. அங்கேயும் உடனே மருந்தை விடுவதில்லை. ஆறு மாதமாவது கலப்பு நிலைத்து, தாக்குதலும் இல்லை என்றால்தான் நிறுத்துவார்கள். நம் நாட்டில் அகமதாபாத் சிறுநீரக நிறுவனத்தில் மருத்துவர் எச்.எல். திரிவேதி குழு, கொடையாளியின் மூல அணுக்களைச் செலுத்தி மருந்தின் அளவைக் குறைக்கும் முறையைப் பல ஆண்டு முயன்றது.

விலையும் இருக்கிறது. மஜ்ஜைக்கு இடம் செய்ய நம் மஜ்ஜையையும் டி அணுக்களையும் மருந்தாலும் கதிர்வீச்சாலும் அடக்க வேண்டும். அந்த நாட்களில் ஒரு சாதாரணத் தொற்றுகூட உயிருக்கு வரும். கொடையாளியின் அணுக்கள் குடியேறி நம் தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்கத் தொடங்கும் ஆபத்து வேறு. அதனால் இது இன்னும் ஆய்வு மையங்களில் தேர்ந்தெடுத்த சிலருக்குச் செய்யப்படும் சிகிச்சைதான். "ஸ்டெம்செல் ஊசி போட்டால் மருந்து வேண்டாம்" என்று பணம் கேட்கும் விளம்பரத்தைக் கண்டால் தள்ளி நில்லுங்கள்.

எனக்கு மாத்தி 6 வருசம். தந்த அம்மா இருக்காங்க. இப்போ மஜ்ஜை மட்டும் எடுத்து ஏத்தக் கூடாதா?

கேள்வியில் தப்பில்லை. தாமதமாக மஜ்ஜை கொடுக்கும் முறை குரங்குகளிலும் சில நோயாளிகளிலும் பார்க்கப்பட்டிருக்கிறது. வழக்கமான சிகிச்சையாக இல்லை. மேலே சொன்ன ஆபத்து எல்லாம் உண்டு, கூடவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தையும் பணயம் வைக்கவேண்டும். அரசின் உறுப்புக்கொடை ஏற்பாடுகளான கேரளத்தின் மிருதசஞ்சீவனி வழியாகவோ தமிழ்நாட்டின் டிரான்ஸ்டான் வழியாகவோ இறந்தவரிடமிருந்து உறுப்பு கிடைத்தவர்களுக்கு இந்த வழி இன்னும் கடினம். உறுப்பு எடுக்கும் நேரத்திலேயே மஜ்ஜையையும் எடுத்துப் பாதுகாத்திருந்தால்தான் பேசவே முடியும்.

எலிக்கு எப்பவோ சரியாயிட்டு. மனுசனுக்கு மட்டும் ஏன் நடக்கல்ல?

ஆய்வுக்கூட எலி கிருமியில்லாத கூண்டில் பிறந்து வளரும். நாம் அப்படியா? ஆற்றுத் தண்ணீரில் விளையாடி, டெங்கு, சிக்குன்குனியா எல்லாம் கண்டு, காசநோய்க் கிருமியோடு ஒரே பேருந்தில் ஏறி வளர்ந்தவர்கள். ஒவ்வொரு தொற்றும் நினைவு டி அணுக்களை விட்டுப்போகும். அவற்றில் சில, கொடையாளியின் எச்.எல்.ஏ.யையும் பழைய எதிரி என்று நினைத்துப் பாயும். புது அணுக்களைவிட நினைவு அணுக்களை அடக்குவது கடினம். இரத்தம் ஏற்றிக்கொண்டதும், முந்தைய மாற்று அறுவையும், பெண்களுக்குப் பிரசவமும் இதே வேலையைச் செய்யும். கணவர் மனைவிக்குச் சிறுநீரகம் கொடுக்கும்போது கூடுதலாகப் பரிசோதிப்பது இதனால்தான், அவருடைய எச்.எல்.ஏ.யைப் பிள்ளைகள் வழியாக அவள் உடல் ஏற்கனவே சந்தித்திருக்கும்.

இன்னொரு காரணம், தாக்குதலை அடக்கும் ஒழுங்கு டி அணுக்கள். இவற்றைக் கண்டறிந்து விளக்கியதற்குத்தான் ஷிமோன் சாகாகுச்சி, மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025 நோபல் பரிசு. சகிப்பு நிலைக்க இவை வேண்டும். இவை வாழ ஐ.எல்.2 என்ற சைகைப் புரதம் வேண்டும். டாக்ரோலிமஸ் அடக்குவது அந்த ஐ.எல்.2 உற்பத்தியைத்தான். சிறுநீரகத்தைக் காக்கும் மருந்தே சகிப்பு வளரவும் தடையாக நிற்கிறது. இந்த முடிச்சை அவிழ்க்க, நோயாளியின் ஒழுங்கு டி அணுக்களை வெளியே எடுத்துப் பெருக்கித் திரும்பச் செலுத்தும் ஆய்வுகள் நடக்கின்றன.

கிரியாட்டினின் நார்மல். ஆனா "டி.எஸ்.ஏ. வந்திருக்கு"ன்னு சொல்லுறாங்க. பயப்படணுமா?

பயம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். டி.எஸ்.ஏ. என்பது கொடையாளியின் எச்.எல்.ஏ.க்கு எதிராக உங்கள் உடல் செய்த எதிர்ப்புப் புரதம். சகிப்பு இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். மாமாவின் 1.1 பற்றிச் சொன்னதுபோல், எண் ஏறுவதற்கு மாதங்களோ வருடங்களோ முன்பே இது வரலாம். பெரும்பாலும் முதல் காரணம் மருந்து விட்டுவிட்டுச் சாப்பிட்டது, அல்லது அளவு மிகக் குறைந்தது. சிறுநீரில் புரதம் பார்ப்பார்கள், தேவையானால் பயாப்ஸி, அதாவது சிறுநீரகத் திசுவில் சிறு துண்டு, எடுப்பார்கள். மாத்திரை தவறிய நாட்களை மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் காரணம் தெரியாமல் வேறு பலமான மருந்துக்குப் போவார்கள்.

டாக்டரே மைக்கோஃபெனோலேட்ட பாதியாக்கிட்டாரு. அப்போ எனக்கு டாலரன்ஸ் வந்திட்டுன்னுதானே?

இல்லை. பி.கே. வைரஸ் சிறுநீரகத்தில் பெருகினாலோ, வெள்ளணு குறைந்தாலோ, கடுமையான தொற்றோ புற்றோ வந்தாலோ, உடல் சண்டை போட வேண்டும் என்பதற்காகக் கடிவாளத்தைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். இரண்டு ஆபத்தில் பெரியதைப் பார்த்து எடுத்த முடிவு அது. அந்தக் காலத்தில் தள்ளுதல் வரும் வாய்ப்பு கூடுவதால் பரிசோதனை அடிக்கடி இருக்கும். எதற்காகக் குறைத்தார்கள், எப்போது திரும்பக் கூட்டுவார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்.

மகளுக்கு கிட்னி மாத்தி 4 வருசம், கல்யாணம் ஆயாச்சு. வயித்துல பிள்ளைய உடம்பு தள்ளாதுல்லா, அப்போ அந்த நேரம் கிட்னியையும் தள்ளாதா?

கூர்மையான கேள்வி. பாதி அப்பாவுடையதான பிள்ளையைத் தாயின் உடல் சுமப்பது இயற்கையான சகிப்புதான். ஒழுங்கு டி அணுக்களுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் அந்தப் பாதுகாப்பு நஞ்சுக்கொடியைச் சுற்றி, பிள்ளைக்காக. கொடையாளியின் சிறுநீரகத்துக்கு அது செல்லாது.

கர்ப்பத்துக்கு முன்பே திட்டமிட வேண்டும். மைக்கோஃபெனோலேட் பிள்ளைக்கு ஊனம் உண்டாக்கக்கூடும். கருத்தரிக்க ஆறு வாரமாவது முன்னால் அதை நிறுத்தி, மருத்துவர் மேற்பார்வையில் அசதியோபிரினுக்கு மாற்றுவார்கள். டாக்ரோலிமஸும் ஸ்டீராய்டும் தொடரும்.

மருந்துக்கு பதிலா சீந்தில் கஷாயம், அரிஷ்டம் எடுத்தா எதிர்ப்புசக்தி சரியாகாதா?

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்கும் எதுவும் நமக்கு எதிரி. அது கூடாமல் இருக்கத்தானே மூன்று மாத்திரை? சீந்திலால் கல்லீரல் பாதித்தவர்கள் இந்தியாவில் பதிவாகியிருக்கிறார்கள். அளவு தெரியாத கஷாயம் டாக்ரோலிமஸை ஏற்றுமா இறக்குமா என்று யாராலும் கணிக்க முடியாது.

நம் பக்கத்துக்கென்றே இரண்டு எச்சரிக்கை. பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட் இரண்டும் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றும். இரும்பன்புளியைச் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் நல்லதென்று சாறாக அடித்துக் குடித்து, அதிலுள்ள ஆக்சலேட் படிந்து நல்ல சிறுநீரகமே செயலிழந்தவர்கள் கேரளத்தில் உண்டு. மீன்கறியில் இரண்டு துண்டு போடுவதைப் பற்றிப் பேசவில்லை, சாறாகக் குடிப்பதைச் சொல்கிறோம். நட்சத்திரப் பழம் வேண்டவே வேண்டாம்.

லெவல் ஒரு மாசம் 4, அடுத்த மாசம் 11. மருந்து ஒழுங்காத்தான் போடுகேன். ஏன் இப்படி?

லெவல் என்பது இரத்தத்தில் இருக்கும் டாக்ரோலிமஸின் அளவு. முதலில் இரத்தம் எடுத்த நேரத்தைப் பாருங்கள். இரவு 8 மணிக்குப் போட்டால் காலை 8 மணியளவில், காலை மாத்திரை போடும் முன் எடுக்கவேண்டும். விடியற்காலையில் பேருந்து ஏறுபவர்கள் வீட்டிலேயே மாத்திரையை விழுங்கிவிட்டுப் போவதுதான் அதிகம் நடக்கும் தவறு. மாத்திரையைப் பையில் எடுத்துப் போங்கள், இரத்தம் கொடுத்த உடனே போடுங்கள்.

அடுத்தது மருந்துக்கடை. ஒரு மாதம் திருவனந்தபுரத்தில் காருண்யாவில், அடுத்த மாதம் நாகர்கோவிலில் என்று வாங்கும்போது கம்பெனி மாறும். மாறினால் மருத்துவரிடம் சொல்லி ஒரு லெவல் பார்க்கவேண்டும். நாளுக்கு இருமுறை போடும் வகையும், ஒருமுறை போடும் மெதுவாகக் கரையும் வகையும் ஒன்றல்ல; பெட்டியில் பெயர் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், ஏமாறாதீர்கள். இரண்டு ஆய்வகங்களின் முறை வேறாக இருந்தால் எண்ணும் வேறாகும், அதனால் ஒரே இடத்தில் பாருங்கள்.

மூன்றாவது இடையில் வந்த நோயும் மருந்தும். வயிற்றுப்போக்கில் லெவல் ஏறும், கை நடுங்கும். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல், டில்டியாசெம் ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமாசெபைன் பாதாளத்துக்கு இறக்கும். அசதியோபிரின் சாப்பிடுபவருக்கு யூரிக் அமிலத்துக்கு அல்லோப்யூரினால் கொடுத்தால் இரத்த அணுக்கள் அபாயமாகக் குறையும். காய்ச்சலுக்குப் பக்கத்து கிளினிக்கில் போடும் டைக்ளோஃபெனாக் ஊசி சிறுநீரகத்தையே அடிக்கும். மாற்றுச் சிறுநீரகம் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காரவேண்டும்.

உள்ளதச் சொல்லுகேன், மூணு வாரமா மாத்திரை போடல்ல. சுகமாத்தான் இருக்கேன். டாக்டர் ஏசுவாரு. இனி என்ன செய்ய?

ஏசட்டும், இன்றே போங்கள். சுகமாக இருப்பது எதற்கும் சாட்சியில்லை என்பதை மேலே பார்த்தோம். போவதற்கு முன் நீங்களாகப் பழைய அளவில் தொடங்குவதோ, விட்டதைச் சேர்த்து இரட்டிப்பாகப் போடுவதோ வேண்டாம். மாற்று மையத்துக்குப் போன் செய்து, கடைசியாகப் போட்ட தேதியைச் சொல்லுங்கள். எந்த அளவில் தொடங்குவது என்பதை அவர்கள் அப்போதே சொல்வார்கள். கிரியாட்டினின், சிறுநீர்ப் புரதம், டி.எஸ்.ஏ. பார்ப்பார்கள், தேவையானால் பயாப்ஸி. தாக்குதல் தொடங்கியிருந்தாலும் ஆரம்பத்தில் பிடித்தால் பலமான ஸ்டீராய்டு ஊசியால் பலருக்கு அடக்க முடிகிறது.

சிறுநீர் குறைந்தாலோ, கால் வீங்கினாலோ, மாற்றுச் சிறுநீரகம் இருக்கும் அடிவயிற்றில் வலி வந்தாலோ, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்தாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம். மருந்தை விட்டது காசில்லாமல் என்றால் அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். விலை குறைந்த கம்பெனிக்கு மாற்றவோ, அரசுத் திட்டத்தில் சேர்க்கவோ வழி பார்ப்பார்கள். நிறுத்தியவர்களில் பலருடைய கதை அங்கேதான் தொடங்கியிருக்கும் என்று அவர்களுக்கும் தெரியும்.